பின்சீட்டில் ஒருத்தி

அத்தியாயம் ஏழு

ஆறு வாரமாகக் கூடவே வருகிறவர்களுக்கு இந்தக் காரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்குத்தான் ஏறுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் காதைக் கொடுங்கள்.

ஓட்டுகிறவர் அப்பா. வேலையும் அதுதான், இருபத்திரண்டு வருஷமாக நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிறார். லீவு போட்டுவிட்டும் மனுஷன் வண்டிதான் ஓட்டுகிறார் என்று அவருடைய டிப்போவில் சிரித்தார்கள்.

பக்கத்தில் அம்மா. தண்ணீர் வாரியத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் பிரிவு. காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை அடுத்தவர் வீட்டுக் குழாய் ஒழுகுவதைக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தபிறகு யார் வாயைத் திறந்தாலும் "சரி, பதிவு பண்ணிக்கிட்டேன்" என்று சொல்லிவிடுகிற பழக்கம் வந்துவிட்டது.

பின்னால் இரட்டையர், பதினேழரை வயது. ஒன்பது நிமிஷம் முந்திக்கொண்டவள் பெரிசு. பிந்தியவள் சின்னது.

பெரிசுக்கு எட்டு வயதில் முதல் தடவை வலிப்பு வந்தது. மருந்து ஒழுங்காகத்தான் போகிறது. ஆனாலும் ஐந்து மாதத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும். வீட்டில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. 'அது' என்றால் அதுதான். பெரிசு போகிற இடமெல்லாம் சின்னதும் போக வேண்டும் என்பது அன்றைக்கு அம்மா போட்ட சட்டம். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பெரிசு குளிக்கப் போனால் வெளியே நாற்காலி போட்டுச் சின்னது உட்கார்ந்திருப்பாள்.

இப்போது கல்லூரி. பெரிசுக்குக் கட்டடக்கலை படிக்க ஆசை. சின்னதுக்குக் கடலும் அதில் நீந்துகிற ஜீவராசிகளும். இரண்டும் ஒரே கல்லூரியில் இல்லை. அம்மாவோ ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை, அதுவும் தரைத்தளம், பத்து நிமிஷத்துக்குள் மருத்துவமனை என்று பட்டியல் போட்டிருந்தாள். ஆகவே இருவருக்கும் பிடிக்காத படிப்பை இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கிற இடங்களாகப் பார்த்து மூன்று நாள் அலைந்தாயிற்று. இன்றைக்குப் பெரிசு ஆசைப்பட்ட கல்லூரி, நாளைக்குச் சின்னது ஆசைப்பட்ட கடலோரக் கல்லூரி. இரண்டும் அப்பா பரிந்து பேசிச் சேர்த்தவை. "சும்மா பாத்துட்டு வருவோமே" என்றார். அம்மாவைப் பொறுத்தவரை சும்மா பார்க்க மட்டும்தான்.

நாலாவது நாள் என்றால் எல்லாக் கல்லூரியும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். அதே புல்வெளி, மிதிக்காதே என்கிற அதே பலகை, பலகைக்குப் பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு போகிற பிள்ளைகள். சுற்றிக்காட்ட வந்த மாணவி, கூட்டத்தைப் பார்த்துப் பேசியபடியே பின்பக்கமாக நடந்தாள். படிகளில்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். இவள் எப்போது விழுந்து வைப்பாளோ என்ற கவலையில் நூலகத்தைப் பற்றி அவள் சொன்ன ஒரு வார்த்தைகூட அம்மாவின் காதில் ஏறவில்லை.

பெரிசின் காதில் எல்லாம் ஏறியது. வரைபட அறையில் சாய்வான மேசைகள் வரிசையாக இருந்தன. ஒரு மேசையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். கூட்டம் நகர்ந்தும் நகரவில்லை.

"வாடி, காலு கடுக்குது" என்றாள் அம்மா.

"இங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் வேலை செய்யலாமாம்மா."

"ராத்திரி பத்து மணிக்கு நீ மாத்திரை போட்டுட்டு படுத்திருக்கணும்."

பெரிசு மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். வாதாடவில்லை. வாதாடாமல் விட்டது அம்மாவுக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

விடுதி அலுவலகத்தில் அம்மா கேட்ட முதல் கேள்வி, இரண்டு பேருக்கு ஒரே அறை கிடைக்குமா. இரண்டாவது மகள் இங்கே என்ன படிக்கப் போகிறாள் என்று வார்டன் திருப்பிக் கேட்டார். அம்மா "யோசிக்கிறோம்" என்றாள். விண்ணப்பத்தில் உடல்நலம் என்ற இடத்தில் மற்ற மூன்று கல்லூரியிலும் எழுதியதைப் போலவே 'குறை ஒன்றுமில்லை' என்று எழுதினாள். பெரிசு தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தாள். சின்னது பெரிசைப் பார்த்தாள்.

மதியச் சாப்பாடு கேண்டீனில் முடிந்தது. இரண்டேகால் மணிக்கு அம்மா காருக்கு வந்தபோது கால் இரண்டும் செருப்புக்குள் வீங்கியிருந்தன. உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

இங்கே அப்பாவின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஓட்டுகிறவன் முன்னால்தான் பார்க்கணும், ஆளை எண்ணுவது கண்டக்டர் வேலை என்பது அவர் கட்சி. சொந்தக் காரிலும் அவர் பின்னால் திரும்பி எண்ணியதில்லை. எல்லோரும் ஏறியதைப் பார்த்துவிட்டு, காரின் பின்பக்கத்தை இரண்டு தடவை தட்டிவிட்டு வந்து உட்காருவது அம்மாவின் வேலை. தட்டுச் சத்தம் கேட்காமல் அவர் கியரைத் தொடமாட்டார். கல்யாணமான புதிதில் அம்மாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. அப்புறம் எரிச்சலாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

"இன்னைக்கு நீயே தட்டிடுடி சின்னது" என்று சொல்லிவிட்டு அம்மா கண்ணை மூடினாள்.

இரண்டு தட்டு விழுந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிற்று.

பெட்ரோல் போட நிறுத்தியபோதுதான் அம்மாவுக்கு விழிப்பு வந்தது. கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலுக்காகப் பின்னால் கையை நீட்டித் திரும்பினாள். நாலு நாள் துணிமணி, தலையணை, போர்வை எல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தன. மறுபக்கம் சின்னது மட்டும், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெரிசு எங்கடி?"

சின்னது முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அம்மா போர்வையை இழுத்தாள். கீழே பைகள்தான் இருந்தன. "இறங்கிட்டாளா? டாய்லெட்டுக்குப் போயிருக்காளா?"

"காலேஜ்லயே இருக்கா."

"என்னது?"

"அவ ஏறலம்மா. ஏறமாட்டேன்னு அவளே சொன்னா. நான்தான் தட்டினேன்."

அப்பா பெட்ரோல் போடுகிறவரிடம் பேசிவிட்டு வந்து கதவைத் திறந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பி உட்கார்ந்து பின்சீட்டை எண்ணினார். எண்ணுவதற்கு ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

"தட்டினியே" என்றார் சின்னதைப் பார்த்து. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று சின்னதுக்குத் தோன்றியிருக்கும்.

வண்டி திரும்பியது. வந்த தூரம் நாற்பது நிமிஷம்.

அம்மா கைப்பையின் அடியிலிருந்து போனைத் தேடி எடுத்தாள். லீவிலும் ஆபீசிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் காலையிலேயே சத்தத்தை அணைத்துப் போட்டிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள் இருந்தன. எவன் வீட்டுக் குழாயோ என்று தள்ளிவிட்டுப் பெரிசின் எண்ணை அழுத்தினாள். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் ஓய்ந்தது.

"எடுக்கமாட்டேங்கறா. ஏண்டி எடுக்கமாட்டேங்கறா?"

"தெரியலம்மா. எடுக்கறேன்னுதான் சொன்னா."

"வேற என்னல்லாம் சொன்னா? முழுசா சொல்லித் தொலை."

சின்னது சொன்னாள். வார்டனிடமும் கல்லூரி மருத்துவ அறையிலும் 'அது' பற்றித் தானே சொல்லப்போவதாகப் பெரிசு நேற்றே முடிவு செய்திருந்தாள். அம்மா இருந்தால் பேச விடமாட்டாள். துணையில்லாமல் தனி அறையில் தங்க முடியுமா என்று கேட்டு, அதற்குரிய தாளையும் வாங்கப்போவதாகச் சொன்னாள். ஒரு மத்தியானம் தனியாக இருந்து காட்டினால் நம்புவீர்கள் என்றும் சொன்னாள்.

"அவ கேட்டா நீ தட்டிடுவியா? அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஒன்பது வருஷமா கூட இருக்கேன்மா. ஒரு மத்தியானம் கேட்டா." சின்னது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கும் வேணும்னு இருந்துச்சு."

அம்மாவுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்ததென்னவோ பயம். கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. அப்பா வழக்கத்தைவிட வேகமாக ஓட்டவுமில்லை, மெதுவாக ஓட்டவுமில்லை.

மூன்றே முக்காலுக்கு வளாகத்துக்குள் நுழைந்தார்கள். வண்டி நிற்கும் முன்பே அம்மா கதவைத் திறந்துவிட்டாள். கூட இறங்கப்போன சின்னதை, "நீ இங்கயே கிட. உன் முகத்தைப் பாக்க எனக்குப் பிடிக்கல" என்று சொல்லி நிறுத்தினாள். அப்பா வண்டியை ஓரம் கட்ட இடம் தேடினார்.

மருத்துவ அறை விடுதிக்குப் பின்னால் இருந்தது. இரண்டு கட்டில், ஒரு தடுப்புத் துணி, சுவரில் ஒரு கடிகாரம். உள்ளே கட்டிலில் பெரிசு உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவியிருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தது. அவள் பின்னுகிற மாதிரி இல்லை, வேறு யாரோ பின்னிய பின்னல். உதட்டோரம் லேசாகத் தடித்திருந்தது.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"வந்துச்சா?"

"வந்துச்சு. போயிடுச்சு." நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு குழறியது. "உக்காரும்மா. நின்னா உன் காலு வீங்கும்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நர்ஸ் எழுந்து வந்தார். அம்மா வயதுதான் இருக்கும். "மூணு தடவை கூப்பிட்டேங்க. நீங்க எடுக்கல" என்றார், குற்றம் சொல்லாத குரலில். ரெண்டு ஐம்பதுக்கு வந்தது, மூன்று நிமிஷத்தில் விட்டது, ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், அடிபடவில்லை, மாத்திரை வேளை தவறவில்லை என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார். அம்மா செய்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

தன் மகளை வேறொரு கை புரட்டிப் படுக்க வைத்திருக்கிறது, வேறொரு கை வாயைத் துடைத்திருக்கிறது என்று நினைத்ததும் அம்மாவுக்கு பொறாமையாக இருந்தது. உயிரோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்துவிட்டு எதற்கு இந்தப் பொறாமை என்று வெட்கமாகவும் இருந்தது.

நர்ஸ் தடுப்புத் துணியை இழுத்துவிட்டு வெளியே போனார்.

"உனக்கு ஏண்டி இந்த வேலை? நீ ஒண்டியா இருக்கும்போது வந்து, யாருக்கும் ஒண்ணும் தெரியாம..."

"தெரிஞ்சுதே. வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடிதான் நானே எல்லாத்தையும் சொல்லியிருந்தேன். அதனாலதான் அவங்க பதறல." பெரிசு மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ எழுதிக் குடுத்த பேப்பர் மட்டும் அவங்க கையில இருந்திருந்தா என்னம்மா ஆகியிருக்கும்? குறை ஒன்றுமில்லை."

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கேட்டுப் பதிவு செய்துகொள்ள இதற்குப் புகார் எண் கிடையாது.

பெரிசு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். மகள் துணையின்றி விடுதியில் தங்கச் சம்மதம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கிற தாள். பதினெட்டு முடிய இன்னும் ஐந்து மாதம் இருப்பதால் அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் மருத்துவ அறைக்குப் பக்கத்து அறையையே தருவதாக வார்டன் சொல்லியிருந்தாராம்.

"அப்பாகிட்டக் கேக்கணும்" என்றாள் அம்மா.

பெரிசுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "நீ அப்பாகிட்ட எப்பம்மா கேட்டிருக்க?"

அம்மா தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பேனாவும் அதே பைக்குள்தான் இருந்தது.

"இன்னொண்ணு. வந்ததைச் சின்னதுகிட்டச் சொல்லாதே. அப்பாகிட்டயும் சொல்லாதே, அவரு முகமே காட்டிக் குடுத்துடும். தான் தட்டினதாலதான்னு சின்னது நினைப்பா. நாளைக்கு அந்தக் காலேஜ் வாசலைக்கூட மிதிக்கமாட்டா. என் கூடவே எங்கயாவது வந்து உக்காந்துடுவா. எனக்கு அது வேண்டாம்மா. அவ கடலைப் பாக்கட்டும்."

"மறைச்சதுக்குத்தானே இப்ப என்னைக் கேட்ட? இதை மட்டும் மறைக்கலாமா?"

பெரிசுக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. 'அது' வந்துபோனால் தூக்கம்தான். அம்மா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒன்பது வயதில் தூக்கிச் சுமந்த பிள்ளை இல்லை இப்போது; நல்ல கனம் கனத்தாள்.

காருக்கு வந்தபோது அப்பா பெரிசைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "சாப்பிட்டியா?" என்றுதான் அவரால் கேட்க முடிந்தது. பெரிசு தலையை ஆட்டினாள். வாயைத் திறக்கவில்லை.

"ஒண்ணும் வரலியாம்மா?" சின்னது கேட்டாள். "அவ போனை ஏன் எடுக்கல?"

"வார்டன் ரூம்ல உக்காந்திருந்திருக்கா. ஒண்ணும் வரல" என்றாள் அம்மா. பொய் சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

கடலோரக் கல்லூரிக்குப் போகிற சாலையில் ஒரு மணி நேரம் ஓடியிருப்பார்கள். டீக்கடை ஒன்று வந்ததும் அப்பா ஓரம் கட்டினார். "எல்லாருக்கும் ஒரு டீ. எனக்குக் கையே ஓடல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பின்னால் பெரிசு ஜன்னலில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்னது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது முன் கண்ணாடியில் அம்மாவுக்குத் தெரிந்தது. அவள் பார்க்கிற விதமும் தெரிந்தது. முதலில் உதட்டோரம், அப்புறம் பின்னல், அப்புறம் மணிக்கட்டு. ஒன்பது வருஷம் பக்கத்தில் படுத்தவள். அவளிடமா மறைக்க முடியும்?

"எத்தனை மணிக்கும்மா?" என்றாள் சின்னது, மெதுவாக.

அம்மா கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தாள்.

"எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"ரெண்டு ஐம்பது."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம்தான். பக்கத்துல நர்ஸ் இருந்தாங்க. அடி எதுவும் படல."

சின்னது கணக்குப் போட்டுப் பார்ப்பது தெரிந்தது. "பெட்ரோல் பங்குக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றாள். "அப்ப நான் காலை நீட்டி உக்காந்திருந்தேன். ஜன்னலை முழுசாத் திறந்துவிட்டிருந்தேன். சந்தோஷமா இருந்தேன்மா."

அம்மா பின்னால் கையை நீட்டினாள். சின்னது அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு வேண்டாம். அப்பாவைத் திருப்பச் சொல்லு. அவ எங்க சேர்றாளோ அங்கயே நானும் சேர்ந்துக்கறேன்."

"முடியாது. நாளைக்கு நாம கடலோரக் காலேஜுக்குப் போறோம். நீ அங்க சேர்றதுக்குத்தான் போறோம், சும்மா பாக்கறதுக்கு இல்ல." சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அம்மாவுக்கே உறைத்தது. ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. "நீ இல்லாமயே அவ சமாளிச்சிட்டா. நான் இல்லாமயும் சமாளிச்சிட்டா. நீ போகலாம்."

சின்னது பெரிசின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். கடையில் அப்பா நாலு கிளாஸையும் இரண்டு கையில் எப்படிக் கொண்டுவருவது என்று நின்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஹாஸ்டல் பேப்பர் குடுத்தாளா?"

"ம்."

"கையெழுத்துப் போட்டியா?"

அம்மாவின் மடியில்தான் கைப்பை இருந்தது. அதை அவள் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீயே இன்னும் போடல" என்றாள் சின்னது. "நான் எப்படிம்மா போறது?"